சாரி ஷேப்பரா, பாடி ஷேப்பரா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பக்கத்துத் தெருவில் பிளவுஸ் தைக்கிற கடை என்னுடையது. மெஷின்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் இன்ஸ்கர்ட், உள்ளாடை, ஃபால்ஸ், ஊக்கு எல்லாம் இருக்கும். "அக்கா, ஷேப்பர் இருக்கா?" என்று யாராவது கேட்டு வராத நாள் இல்லை. "எந்த ஷேப்பர்மா?" என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரிவதில்லை. அது அவர்கள் குற்றம் இல்லை. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு துணிகளுக்கு ஒட்டினாற்போல் பெயர் வைத்து விற்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது? தப்பானதை வாங்கிவிட்டு, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கண்கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கவுன்டரில் நின்று தினமும் சொல்கிற பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சாரி ஷேப்பர், இன்ஸ்கர்ட்டுக்குப் பதிலாகப் போடுவது. பாடி ஷேப்பர், சதையை அழுத்திப் பிடிக்கிற உள்ளாடை. முதலாவதில் புடவையைச் செருகிக் கட்டலாம். இரண்டாவதில் செருக முடியாது; அதற்கு மேல் தனியாக ஒரு பாவாடை போட்டே ஆக வேண்டும்.

கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

சாரி ஷேப்பரை விரித்துப் பிடித்தால் மீன் மாதிரி இருக்கும். இடுப்பிலிருந்து முட்டி வரை உடம்போடு ஒட்டி இறங்கி, முட்டிக்குக் கீழே வால் போல விரியும். அதனால்தான் சிலர் 'ஃபிஷ் கட்' என்கிறார்கள், சிலர் 'மெர்மெய்ட்' என்கிறார்கள். நீளம் கணுக்கால் வரை வரும். கால் எடுத்து வைப்பதற்காக ஒரு பக்கம் கீழிருந்து பிளவு விட்டிருப்பார்கள். இடுப்பில் அகலமான எலாஸ்டிக் பட்டை. அதற்குள் நாடாவும் ஓடுகிற மாடல்கள் உண்டு. டி-ஷர்ட் போல இழுத்தால் இழுபடும் பின்னல் துணி.

அது என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால், நாம் இத்தனை வருடம் கட்டிய காட்டன் இன்ஸ்கர்ட்டை நினைத்துப் பாருங்கள். ஆறு பீஸோ எட்டு பீஸோ வெட்டிச் சேர்த்துத் தைத்தது. நாடாவை இழுத்து முடிந்தவுடன் துணியெல்லாம் சுருங்கி இடுப்பைச் சுற்றிக் குவியும். அந்தக் குவியலுக்கு மேல் புடவையின் முதல் சுற்று. அதற்கு மேல் கொசுவம். அதற்கும் மேல் முந்தானைக்குப் போகிற சுற்று. வயிற்றின் மேல் எத்தனை அடுக்குத் துணி என்று ஒருநாள் கண்ணாடி முன் நின்று எண்ணிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். இதில் அடியில் இருக்கும் சுருக்கக் குவியலை மட்டும் சாரி ஷேப்பர் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. போட்டவர் மெலிந்த மாதிரித் தெரிவதற்குக் காரணம் அதுதான். குறைந்திருப்பது துணிதான். உடம்பு அப்படியேதான் இருக்கிறது.

பாடி ஷேப்பரைக் கையில் எடுத்தால் முதலில் தோன்றுவது, "இவ்வளவு சின்னதா?" என்பதுதான். வயிற்றுக்கு மேல் வரை ஏறும் ஜட்டி மாதிரி ஒன்று, தொடை வரை வரும் ஷார்ட்ஸ் மாதிரி ஒன்று, மார்புக்குக் கீழே ஆரம்பித்துத் தொடையில் முடியும் ஒரே துண்டு ஒன்று என்று பல வகை. வயிற்றுப் பக்கத்தில் துணி இரட்டையாக இருக்கும். மேல் ஓரம் சுருண்டு இறங்காமல் இருக்கச் சிலவற்றில் பக்கவாட்டில் மெல்லிய பிளாஸ்டிக் எலும்பு வைத்திருப்பார்கள். இழுத்தால் கை வலிக்கும் அளவுக்கு எதிர்த்து இழுக்கும். சதையை அழுத்தி, மேடு பள்ளத்தைச் சமமாகக் காட்டுவதுதான் அதன் வேலை. சேலை, சுடிதார், கவுன் எதற்குள்ளும் போடலாம்.

கவரில் இரண்டிலும் 'ஷேப்வேர்' என்றுதான் போட்டிருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை நம்பாதீர்கள். புடவை கட்டிய பெண்ணின் படம் இரண்டிலும் இருக்கும்.

மந்தைவெளியிலிருந்து ஒரு அம்மா, தம்பி கல்யாணத்துக்காக போனில் ஆர்டர் போட்டிருந்தார். பெயரிலேயே 'சாரி' என்ற சொல் இருந்தது. அரக்குப் பட்டுக்கு மேட்சாக அரக்குக் கலர் வேறு. பார்சல் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது, பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டார். முதல் நாள் ராத்திரி பிரித்தால் உள்ளே தொடை வரைக்குமான ஷார்ட்ஸ். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன், மூச்சு வாங்க வந்து நின்றார். "இதுல எங்கக்கா புடவையைச் செருகறது?" என்று அந்த ஷார்ட்ஸை என் கவுன்டரில் விரித்துக் காட்டியபோது அவர் குரல் உடைந்துவிட்டது. விற்றவர்கள் பெயரை மட்டும் கொஞ்சம் நேர்மையாகப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. அன்றைக்கு ஒரு அரக்கு இன்ஸ்கர்ட்டில் இடுப்புச் சுருக்கத்தைப் பிரித்து, முன்பக்கத்தைச் சமமாக்கிக் கொடுத்தனுப்பினேன்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு நீளத்தைப் பாருங்கள். அளவு விவரத்தில் நீளம் 36 இஞ்ச், 38 இஞ்ச் என்ற மாதிரி இருந்தால் அது பாவாடை. பிறகு, கீழே விரிவும் பிளவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கால் நுழைக்க இரண்டு ஓட்டை இருந்தால் அது பாடி ஷேப்பர்தான், பெயர் என்னவாக இருந்தாலும் சரி. பார்சல் வந்த அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். உள்ளாடையைப் பல இடங்களில் மாற்றித் தர மாட்டார்கள். போட்டுப் பார்ப்பதற்கு முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாரி ஷேப்பர் போட்டால் தொப்பை உள்ளே போகுமா?

போகாது. இடுப்புப் பட்டை கொஞ்சம் பிடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வயிற்றை அழுத்த வேண்டும் என்பதற்காகச் சின்ன சைஸ் சாரி ஷேப்பர் வாங்குகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் பட்டைக்கு மேலே சதை பிதுங்கி, புடவைக்கு மேல் இன்னும் நன்றாகத் தெரியும். எதை மறைக்க நினைத்தீர்களோ அதற்குக் கோடு போட்டுக் காட்டின மாதிரி ஆகிவிடும்.

சைஸ் எப்படிப் பார்ப்பது? நான் எப்போதும் எல் வாங்குவேன்.

எல், எக்ஸ்எல் எழுத்தெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இஞ்ச் டேப் ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாரி ஷேப்பருக்கு முக்கியமானது சீட் அளவு. அதாவது பின்பக்கம் அதிகம் எடுப்பாக இருக்கிற இடத்தைச் சுற்றி எடுக்கும் அளவு. இடுப்பு அளவை மட்டும் வைத்து வாங்கினால், தொடையில் பிடித்துக்கொண்டு படி ஏற முடியாமல் போகும். அடுத்தது நீளம். புடவை கட்டும் இடத்திலிருந்து கணுக்கால் எலும்பு வரை, நீங்கள் போடப்போகும் செருப்போடு நின்று எடுக்க வேண்டும். இந்த அளவைவிட ஒன்றிரண்டு இஞ்ச் குறைவாக இருந்தால்தான் புடவைக்குக் கீழே எட்டிப் பார்க்காது.

பாடி ஷேப்பருக்கு இடுப்பு, சீட் இரண்டும் வேண்டும். டேப்பைச் சுற்றும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்காதீர்கள். என் முன்னால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். "மூச்சை விடுங்கம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லித்தான் அளவு எடுப்பேன். இரண்டு அளவும் இரண்டு சைஸில் விழுந்தால் பெரியதையே எடுங்கள்.

போட்ட பிறகு நின்றபடி கண்ணாடியில் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள். தரையில் குனிந்து ஒரு குங்குமச் சிமிழை எடுக்கிற மாதிரி எடுங்கள். வயிறு நிறைய மூச்சு இழுங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் தட்டையாகப் போக வேண்டும். இதில் எது சிரமமாக இருந்தாலும் அது உங்கள் சைஸ் இல்லை.

எந்தப் புடவைக்குச் சாரி ஷேப்பர் நன்றாக இருக்கும்?

ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப், மெல்லிய சாஃப்ட் சில்க். இவை உடம்போடு விழும் துணிகள், அடியில் இருக்கும் ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். இவற்றுக்குள் சாரி ஷேப்பர் போட்டால் வித்தியாசம் வாசலில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியும். ஒரு சிரமம் உண்டு. பாலியஸ்டர் புடவையும் பாலியஸ்டர் ஷேப்பரும் உரசினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு காலைச் சுற்றும். ஏசி ஹாலில் காற்று காய்ந்திருக்கும்போது அதிகம்.

காஞ்சிபுரம் பட்டுக்கு அவ்வளவு அவசியம் இல்லை என்பது என் கருத்து. பட்டும் ஜரிகையும் சேர்ந்து அந்தப் புடவைக்கே ஒரு விறைப்பு உண்டு. உள்ளே என்ன இருந்தாலும் அது தன் போக்கில்தான் நிற்கும். கூடவே எடை. கனமான பட்டுப் புடவையை வழுவழுப்பான ஷேப்பரில் செருகினால், எலாஸ்டிக் மட்டும் தாங்காமல் கொசுவம் மெல்லக் கீழே இறங்கும். பட்டுக்குத்தான் போடுவேன் என்றால் எலாஸ்டிக்கோடு நாடாவும் உள்ள மாடலாகப் பாருங்கள். ஊக்கைப் பட்டையின் தடித்த பகுதியில் மட்டும் குத்துங்கள். பின்னல் துணியில் குத்தினால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

செட்டிநாட்டுக் காட்டன், கஞ்சி போட்ட காட்டனுக்கெல்லாம் பழைய காட்டன் இன்ஸ்கர்ட்டே மேல். பருத்தியைப் பருத்தி பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு வழுக்குகிற துணியில் வராது.

ஒன்பது கெஜத்துக்கு?

மடிசாருக்குப் பாவாடையே கிடையாதே! கால்களுக்கு நடுவே கச்சம் போகும்போது சாரி ஷேப்பருக்கு அங்கே இடமில்லை. சிலர் உள்ளே லெக்கிங்ஸ் போடுகிறார்கள், அது வசதிதான்.

சென்னை வெயிலுக்கு இதெல்லாம் தாங்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் கவரில் எங்கேயும் இது இருக்காது.

இரண்டு ஷேப்பரும் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டரோடு எலாஸ்டேன் கலந்து பின்னுவது. எலாஸ்டேன் என்பது ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று நாம் கேள்விப்படும் அதே நூல். 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அதற்கு முன் உடம்பைப் பிடிக்கிற உள்ளாடைகளில் ரப்பர் நூல் இருந்தது. இந்த நூல் தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பும். நம் ஷேப்பர் பிடிப்பதும் விடுவதும் இந்த ஒரு நூலால்தான்.

ஆனால் வியர்வை விஷயத்தில் இந்தத் துணிகள் பருத்தியோடு போட்டி போட முடியாது. சாதாரணக் காற்றிலிருந்து 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நைலான் 4 கிராம். பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. நம் ஊரில் காற்றே ஈரமாக இருக்கிறது. வியர்வை காய வழியில்லாமல் தோலுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கும். வேர்க்குரு வருவதும், தொடை இடுக்கில் படர்தாமரை பிடிப்பதும் இப்படித்தான். ஏற்கெனவே அந்த இடத்தில் அரிப்போ வட்டமான படையோ இருந்தால், ஆறும் வரை எந்த ஷேப்பரும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு கிரீம் வாங்கித் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம் முதலில் அரிப்பை அடக்குகிற மாதிரி காட்டி, படையைப் பரப்பிவிடும். தோல் டாக்டரைப் பாருங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத மண்டபத்துக்குப் பாடி ஷேப்பர் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் காட்டன் இன்ஸ்கர்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பேன். மார்கழியில் சபாவுக்குப் போகிறீர்கள், ஏசியில் இரண்டு மணி நேரம் உட்காருவீர்கள் என்றால் சாரி ஷேப்பர் தாராளமாகப் போடலாம். துணியில் பருத்தி அல்லது விஸ்கோஸ் அதிகம் கலந்ததாகத் தேடுங்கள். வழுவழுப்பு கொஞ்சம் குறையும், ஆனால் உடம்பு நிம்மதியாக இருக்கும்.

போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா? பஸ், டிரெயின்?

சாரி ஷேப்பரில் ஸ்கூட்டர் ஓட்டுவது கஷ்டம். கால் ஊன்ற வேண்டிய நேரத்தில் முட்டி விரியாது. சிக்னலில் சாய்ந்தால் ஆபத்து. பல மாநகரப் பஸ்களில் முதல் படி உயரம், அங்கேயும் பிளவு போதாது. தினமும் புடவை கட்டி வேலைக்குப் போகிறவர்கள் முட்டிக்கு மேல் வரை பிளவு ஏறும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். அல்லது தினசரிக்கு இன்ஸ்கர்ட், விசேஷத்துக்கு ஷேப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடி ஷேப்பரில் நடப்பதற்கு இந்தத் தடை இல்லை, உட்காருவதுதான் அதில் தொல்லை.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

போடலாம். உள்ளே பாடி ஷேப்பர், மேலே சாரி ஷேப்பர். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவர்கள் இப்படித்தான் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டு எலாஸ்டிக் பட்டையும் ஒரே இடத்தில் விழக் கூடாது. பாடி ஷேப்பர் மார்புக்குக் கீழ் வரை போகிறதாக இருக்கட்டும், சாரி ஷேப்பர் ஒரு சைஸ் தளர்வாக இருக்கட்டும். வரவேற்பு மூன்று மணி நேரம் என்றால் சமாளிக்கலாம். விடியற்காலை முகூர்த்தத்திலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் என்றால் எனக்கு மனசு வராது. பெண் அன்றைக்கு ஒரு வாய் பாயசமாவது நிம்மதியாகச் சாப்பிட வேண்டாமா?

பாடி ஷேப்பரால் உடம்புக்கு ஏதாவது கெடுதல் உண்டா?

சரியான சைஸில் சில மணி நேரம் போட்டுக் கழற்றினால் பொதுவாகத் தொந்தரவு இருக்காது. சின்ன சைஸில் நாள் முழுக்கப் போடும்போதுதான் வினை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு, ஒரு கடையில் "சின்ன சைஸ் போட்டால்தான் ரிசல்ட் தெரியும்" என்று சொன்னதை நம்பி வாங்கிப் போட்டேன். அப்போது நான் பிளவுஸ் மட்டும்தான் தைத்துக்கொண்டிருந்தேன், இந்தப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலை 5 மணிக்குப் போட்டது, சாயங்காலம் வரை கழற்றவில்லை. மத்தியானமே நெஞ்செரிச்சல். வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய், பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி, அப்புறம் தீப்பட்ட மாதிரி எரிந்தது. கிள்ளினால் தெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்வு கொண்டுபோகும் நரம்பு இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் நசுங்கியிருக்கிறது என்றார். அதற்கு மெரால்ஜியா பரஸ்தெட்டிகா என்று பெயர். இறுக்கமான பெல்ட், இறுக்கமான உடை இதற்குத் தெரிந்த காரணங்கள். இறுக்கத்தை விட்டதும் சில வாரங்களில் சரியாகிவிட்டது. அந்தச் சில வாரம் மெஷின் பெடலை மிதிக்கும்போதெல்லாம் பயந்துகொண்டே மிதித்தேன். இன்றைக்கு ஒவ்வொருவரிடமும் சைஸ் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

நெஞ்செரிச்சலுக்கும் காரணம் அதே இறுக்கம். வயிற்றைச் சுற்றி அழுத்தும்போது உள்ளே இருக்கும் அமிலம் மேலே தள்ளப்படுகிறது. ஏற்கெனவே அசிடிட்டி உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் பாடி ஷேப்பரைத் தொட வேண்டாம். நரம்புச் சுருட்டல் உள்ளவர்கள், "இதுவும் இறுக்கம்தானே" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டாக்கிங்ஸுக்குப் பதில் இதை வாங்காதீர்கள். ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி செய்தது. ஷேப்பர் தொடையில் கவ்வும். ரத்தம் மேலே ஏற வேண்டிய பாதையில் அது தடையாகத்தான் இருக்கும்.

தூங்கும்போது எந்த ஷேப்பரும் வேண்டாம்.

தொடர்ந்து போட்டால் இடுப்பு அளவு குறையுமா?

குறையாது. கழற்றினால் பழையபடிதான். வியர்த்துக் கொட்டுவதைக் கொழுப்பு கரைகிறது என்று சொல்லி விற்கிறார்கள். அது தண்ணீர், இரண்டு டம்ளர் மோர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

இன்ஸ்கர்ட் நாடாவால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? அதற்காக ஷேப்பருக்கு மாறலாமா?

செய்தியில் உண்மை இருக்கிறது, பயமுறுத்தல் அதைவிட அதிகம் இருக்கிறது. 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் மகாராஷ்டிரம், பீகார் மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். இருவரும் வயதானவர்கள். ஒருவருக்கு உள்பாவாடை நாடா உரசிய இடத்தில், மற்றவருக்கு உள்பாவாடை இல்லாமலே இடுப்பில் புடவையை இறுக்கிக் கட்டிய இடத்தில், ஆறாத புண் வந்து அது புற்றாக மாறியிருந்தது. இப்படி நாள்பட்ட புண்ணில் வருவதை மார்ஜோலின் புண் என்பார்கள். மிக அரிதான விஷயம். பல பத்தாண்டு ஒரே இடத்தில் இறுக்கி, உரசி, ஆறவிடாமல் இருந்தால் வரக்கூடியது.

நம் அம்மாக்கள் இடுப்பில் கறுத்துத் தடித்த கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் வெடித்துப் புண்ணாகி, சில வாரங்களில் ஆறவில்லை என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவர்கள் காட்ட மாட்டார்கள், நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அகலமான பட்டை உள்ள சாரி ஷேப்பர் இந்த விஷயத்தில் நல்லதுதான். கயிறு மாதிரி ஒரே கோட்டில் வெட்டாமல் அழுத்தம் பரவும். ஆனால் அதற்காகவே ஷேப்பர் வாங்க வேண்டியதில்லை. இன்ஸ்கர்ட்டிலேயே இரண்டு இஞ்ச் அகலத்துக்குப் பெல்ட் வைத்துத் தைக்கலாம். நாடா முடிச்சை ஒருநாள் இடப்பக்கம், ஒருநாள் வலப்பக்கம் என்று மாற்றலாம். வீட்டில் இருக்கும்போது தளர்த்திவிடலாம்.

பிரசவத்துக்குப் பிறகு வயிறு கட்டுவதற்குப் பாடி ஷேப்பர் போதுமா?

அது மூன்றாவது பொருள். மெடிக்கலில் கிடைக்கும் அப்டாமினல் பெல்ட், வெல்க்ரோ வைத்து ஒட்டுவது. வேண்டிய அளவுக்குத் தளர்த்தலாம், உடனே கழற்றலாம். நம் வீடுகளில் பழைய வேட்டியை மடித்து வயிறு கட்டியதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், தாங்குவதற்காக. பாடி ஷேப்பரைக் கால் வழியாக இழுத்து ஏற்ற வேண்டும். தையல் போட்ட உடம்புக்கு அது ஆகாது. சிசேரியன் என்றால் பெல்ட்டையும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். வயிற்றுத் தசை நடுவில் விலகியிருந்தால் பெல்ட் மட்டும் அதைச் சேர்த்துவிடாது, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சி வேண்டும். பச்சை உடம்புக்காரியிடம் "தொப்பை போகலியே" என்று கேட்கிற உறவுக்காரர்கள் இருக்கும் வரை இந்தப் பெண்கள் என் கடைக்கு அழுதுகொண்டுதான் வருவார்கள். ஆறு மாசம் அவளை விட்டுவிடுங்கள்.

பாத்ரூம் போவது எப்படி?

சாரி ஷேப்பர் என்றால் இன்ஸ்கர்ட் மாதிரிதான் தூக்க வேண்டும், ஆனால் முட்டியில் ஒட்டியிருப்பதால் கீழிருந்து சுருட்டி ஏற்றுங்கள். இந்தியன் டாய்லெட்டில் சிரமம். ஒரே துண்டு பாடி ஷேப்பரில் அடியில் திறப்போ கொக்கியோ இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாததை வாங்கினால் மண்டபத்தில் முழுப் புடவையையும் அவிழ்க்க வேண்டிவரும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்கள் உண்டு. அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும்.

கலர்?

சாரி ஷேப்பர் புடவைக் கலரில். பாடி ஷேப்பர் உங்கள் தோல் நிறத்துக்குக் கிட்டத்தில்.

எப்படித் துவைப்பது? மூன்று மாதத்தில் லூஸாகிவிட்டது.

வெந்நீர், பிளீச்சிங், கம்ஃபர்ட் மாதிரியான திரவம், சூடான இஸ்திரி, உச்சி வெயில். எலாஸ்டேனுக்கு இவை ஐந்தும் ஆகாது. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு, கசக்காமல், முறுக்கிப் பிழியாமல் அலசி, டவலில் சுருட்டி ஒற்றி எடுத்து, நிழலில் மடக்கிப் போடுங்கள். நுனியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்திலேயே நீண்டுவிடும். ஒருதரம் வியர்த்துவிட்டால் அப்படியே மடித்து பீரோவில் வைக்காதீர்கள், வியர்வை உப்பு நூலைத் தின்னும். போட்ட மறுநாளே திரும்பவும் போடாமல் ஒரு நாள் இடைவெளி விட்டால் துணி தன் அளவுக்குத் திரும்பும்.

ரெடிமேட் எதுவும் எனக்குச் சரியாக இல்லை. தைத்துத் தருவீர்களா?

பாடி ஷேப்பர் தைக்க மாட்டேன். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் வர வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பின்னுகிற துணி அது, அதைத் தைக்கும் மெஷினும் வேறு.

சாரி ஷேப்பர் தைத்துத் தருவேன். பருத்தியோடு லைக்ரா கலந்த பின்னல் துணி இரண்டரை மீட்டர் வாங்கி வாருங்கள், புடவைக் கலருக்குச் சேருகிற மாதிரி. பிளவு எவ்வளவு உயரம் வேண்டும், பட்டை எவ்வளவு அகலம், நாடா வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால் வாருங்கள், போட்டுப் பார்த்துத் திருத்த நேரம் வேண்டும். வரும்போது அன்றைக்குப் போடப்போகும் செருப்பையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், நீளம் அதை வைத்துத்தான் எடுப்பேன்.